5 நாள் அந்தமான்: ஸ்கூபாவை எந்த நாளில் வைப்பது? பாராட்டாங் தேவையா?

மேடவாக்கம்75 | 9 டிசம்பர் 2024, இரவு 10:14

ஜனவரி 25 சனிக்கிழமை காலை 8:40க்கு போர்ட் பிளேர்ல இறங்குறோம். 29 புதன் மதியம் 12:50க்குத் திரும்புற ஃப்ளைட். நான், மனைவி, 11 வயசு மகள். நீச்சல் மகளுக்கு மட்டும் தெரியும்.

25: செல்லுலார் ஜெயில், ராஸ் தீவு
26: பாராட்டாங் சுண்ணாம்புக் குகை
27: ஹேவ்லாக் தீவு (அங்க எலிஃபன்ட் பீச், ராதாநகர் பீச்)
28: நீல் தீவு, சாயங்காலம் போர்ட் பிளேர்
29: காலைல நார்த் பே ஸ்கூபா (சிலிண்டர் காத்தோட கடலுக்குள்ள இறங்குறது), அப்படியே ஏர்போர்ட்

எல்லாம் அடங்கிடும்னுதான் என் கணக்கு. ஓட்டை இருந்தா சொல்லுங்க.

தண்ணிப்பாம்பு | 9 டிசம்பர், இரவு 10:51

29 காலை ஸ்கூபாவை அடிச்சிடுங்க. மத்தது எல்லாம் அப்புறம்.

ஆழத்துல அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்புத் திசுக்கள்ல கரையும். மேல வந்த பிறகு அது மெதுவாத்தான் வெளியேறும். விமானத்துக்குள்ள காற்றழுத்தம் தரைமட்ட அளவு இருக்காது, சுமார் 2,400 மீட்டர் மலை உச்சியில இருக்குற அளவுக்கு இறங்கிடும். மிச்சமிருக்குற நைட்ரஜன் அப்போ குமிழியா மாறினா மூட்டுவலி, மரத்துப்போறது, மோசமான கேஸ்ல பக்கவாதம் வரைக்கும் போகும். ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேலன்னா 18 மணி நேரம் கழிச்சுதான் பறக்கணும். நிறைய டைவ் கடைகள் 24 மணி நேரம்னே சொல்வாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டா எந்தக் கணக்கும் போட வேண்டாம்.

ஸ்நார்க்கலிங் (மாஸ்க், குழாயோட மேலாக மிதந்து பார்க்குறது), கண்ணாடி அடிப்படகு எல்லாம் இதுல வராது. மேல்மட்டத்துலயே மூச்சு விடுறதால கடைசி நாள்கூடச் செய்யலாம்.

ஹாடோக்காரன் | 10 டிசம்பர், காலை 6:02

பாம்பு சொன்னது சரி. நான் பாராட்டாங் பத்திச் சொல்றேன்.

போர்ட் பிளேர்ல இருந்து 100 கிலோமீட்டர். சாலை ஜாரவா பழங்குடிக் காப்பகம் வழியா போகுது. அதனால ஜிர்காடாங் செக்போஸ்ட்ல வண்டிகளை வரிசையா நிறுத்தி, போலீஸ் பாதுகாப்போட குறிப்பிட்ட நேரங்கள்ல கான்வாயாத்தான் விடுவாங்க. முதல் கான்வாய் காலை 6 மணி. அதைப் பிடிக்க ஹோட்டல்ல இருந்து மூணரை, நாலுக்குக் கிளம்பணும். காப்பகத்துக்குள்ள நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, போட்டோ வீடியோ எடுத்தா வழக்கு. மிடில் ஸ்ட்ரெய்ட்ல ஃபெர்ரி, அப்புறம் அலையாத்திக் காட்டுக்குள்ள அரை மணி படகு, ஒன்றரை கிலோமீட்டர் நடை. குகைக்குள்ள நிக்கிறது அரை மணி. திரும்பவும் கான்வாய்க்குக் காத்திருக்கணும்.

அஞ்சு நாள்ல ஒரு முழு நாளை வண்டி சீட்டுக்குக் கொடுக்கிறீங்க. சாலையோரத்துல ஜாரவா மனுஷங்களைப் பார்த்துட்டு வரலாம்னு விக்கிற ஏஜென்ட் இருந்தா அவர்கிட்ட எதையுமே புக் பண்ணாதீங்க.

மேடவாக்கம்75 | 10 டிசம்பர், காலை 9:30

பாராட்டாங் போச்சு. ஸ்கூபாவை 28க்குத் தள்ளினா? இன்னொண்ணு, மனைவிக்குச் சின்ன வயசுல வீசிங் இருந்தது. இப்போ எதுவும் இல்லை. மகளுக்குக் கண்ணாடி, பவர் மைனஸ் 2.5.

டூர்அக்கா | 10 டிசம்பர், காலை 11:17

தம்பி, திட்டத்தைத் தலைகீழாத் திருப்பிப் போடுங்க. போர்ட் பிளேர் கடைசியில, தீவுகள் முதல்ல. ரெண்டு காரணம். ஸ்கூபாவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல தானா இடைவெளி கிடைச்சிடும். அடுத்தது, கடல் கொந்தளிச்சு ஃபெர்ரி ரத்தானா நடுவுல சரிக்கட்ட நாள் இருக்கும். ஃப்ளைட் அன்னிக்குக் காலைல ஹேவ்லாக்ல இருந்து ஃபெர்ரி பிடிச்சு ஏர்போர்ட் போறதுன்னு சில ஏஜென்ட் போட்டுத் தருவாங்க. அதை ஒத்துக்காதீங்க. திரும்புறதுக்கு முந்தின ராத்திரி போர்ட் பிளேர்லதான் தூங்கணும்.

25 காலை 8:40க்கு இறங்கினா ஏர்போர்ட்ல இருந்து நேரா ஹாடோ ஜெட்டி. பக்கம்தான், இருபது நிமிஷத்துல போயிடலாம். தனியார் ஃபெர்ரி எல்லாம் அங்கிருந்து. அரசு ஃபெர்ரி ஃபீனிக்ஸ் பே ஜெட்டி. ரெண்டையும் குழப்பிக்கிட்டு டாக்ஸிக்காரர்கிட்ட வெறும் "ஜெட்டி"ன்னு சொல்லாதீங்க.

ஹாடோக்காரன் | 10 டிசம்பர், மதியம் 1:40

அக்கா சொன்னதுல ஒரு திருத்தம். 8:40 ஃப்ளைட்டை நம்பி 11 மணி வாக்குல போற ஃபெர்ரி எடுக்க வேண்டாம். ஃப்ளைட் ஒரு மணி நேரம் லேட், பெல்ட்ல பெட்டி அரை மணி, ஃபெர்ரி செக்கின் ஒரு மணி முன்னாடி. கணக்கு இடிக்கும். தனியார் ஃபெர்ரி டிக்கெட்டைக் கடைசி நேரத்துல மாத்தித் தர மாட்டாங்க. மதியம் 1 மணிக்கு மேல கிளம்புறது எதுவோ அதை எடுங்க. நடுவுல அபர்தீன் பஜார்ல சாப்பாடு. இந்த ஊர்ல தோசைக்குப் பஞ்சமில்ல, தமிழ்லயே கேட்டு வாங்கலாம்.

ஆனா ஹேவ்லாக், நீல்ல அந்த வசதியை எதிர்பார்க்காதீங்க. அங்கே குடியேறினவங்க பெரும்பாலும் கிழக்கு வங்காளத்துல இருந்து வந்த அகதிக் குடும்பங்கள். வீட்டுல வங்காளி, வெளியே இந்தி. மீன் குழம்பும் சோறும் அருமையா இருக்கும், கடுகெண்ணெய் வாசனை பிடிக்கணும்.

தண்ணிப்பாம்பு | 10 டிசம்பர், இரவு 9:25

ஸ்கூபா கேள்விகளுக்கு வரேன். நீளமா இருக்கும்.

நாள்: 26 காலை. ஹேவ்லாக்ல முதல் காலையே முடிச்சிடுங்க. ஒருத்தருக்குக் காது அடைச்சாலோ, கடல் கலங்கினாலோ 27 கையில இருக்கு. நார்த் பேயை விட ஹேவ்லாக்ல தண்ணி தெளிவு.

வயசு: முதல் முறை செய்றவங்களுக்கான 'ட்ரை டைவ்'க்குக் குறைஞ்சது 10. மகள் ஓகே. சான்றிதழ் இல்லாதவங்களுக்கு உச்ச ஆழம் 12 மீட்டர். நடைமுறையில அவ்வளவு இறக்க மாட்டாங்க. நீமோ ரீஃப் மாதிரி கரையோர இடத்துல அதுல பாதிகூட வேண்டியதில்லை, நல்ல பவளமே அங்கதான் இருக்கு. நீச்சல் தெரியாட்டியும் பரவாயில்லை. பயிற்சியாளர் சிலிண்டரைப் பின்னாடி பிடிச்சுக்கிட்டே வருவார், ஜாக்கெட்டுல காத்து ஏத்துறது இறக்குறது அவர் வேலை.

வீசிங்: மருத்துவப் படிவத்துல இதைக் கேட்பாங்க. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை, கர்ப்பம் எல்லாமே வரும். ஒண்ணுக்கு 'ஆம்'னு டிக் அடிச்சாலும் டாக்டர் சான்றிதழ் இல்லாம இறக்கக் கூடாது. ஹேவ்லாக் போய் டாக்டரைத் தேடாம, சென்னைலயே நுரையீரல் டாக்டர்கிட்டக் காட்டி, கடையோட படிவத்துலயே கையெழுத்து வாங்கிட்டுப் போங்க. 'இல்லை'ன்னு பொய் டிக் அடிக்கிறவங்க நிறைய. மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரல்ல காத்து மாட்டிக்கிட்டு, அந்த நிலையில மேல வந்தா அந்தக் காத்து விரியும். 10 மீட்டர்ல இருக்குற காத்து மேல வரும்போது ரெண்டு மடங்காகும். நுரையீரல் கிழியும். அதனாலதான் தண்ணிக்குள்ள மூச்சை அடக்கவே கூடாதுங்கிறது முதல் விதி.

காது: நிறையப் பேருக்குப் பிரச்சினை இங்கதான். அழுத்தம் அதிகமா மாறுறது முதல் சில மீட்டர்லதான். வலி வந்த பிறகு மூக்கைப் பிடிச்சு ஊதுறவங்களுக்குத் திறக்காது. தலை தண்ணிக்குள்ள போனதுமே ஒரு தடவை, அப்புறம் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு தடவை, மெதுவா. திறக்கலைன்னா பலமா ஊதக் கூடாது, ஒரு மீட்டர் மேல ஏறித் திரும்ப முயற்சி. சளி இருந்தா அன்னிக்கு வேண்டாம். மூக்கடைப்பு ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு இறங்கினா, அடியில இருக்கும்போதே மருந்து வேகம் போய், மேல வரும்போது காது பூட்டிக்கும். அது இன்னும் மோசம்.

கண்ணாடி: மைனஸ் 2.5க்குப் பவர் மாஸ்க் சில கடையில உண்டு, முன்கூட்டியே எழுதிக் கேளுங்க. இல்லாட்டியும் சமாளிக்கலாம். தண்ணிக்குள்ள பொருள்கள் மூணுல ஒரு பங்கு பெருசாவும் கிட்டவும் தெரியும்.

சைகை: கட்டை விரலைத் தூக்கினா 'மேலே போகணும்'னு அர்த்தம். சந்தோஷத்துல தூக்கிக் காட்டிட்டு, பயிற்சியாளர் உடனே மேல கூட்டிட்டுப் போனதும் "ஏன் சீக்கிரம் முடிச்சிட்டீங்க"ன்னு சண்டை போடுறவங்க தினமும் உண்டு. 'நல்லா இருக்கேன்'னா கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வளையம்.

தண்ணிப்பாம்பு | 10 டிசம்பர், இரவு 9:48

மீசை. மாஸ்க்கோட ரப்பர் விளிம்பு மேல்உதட்டுல ஒட்டாது, தண்ணி ஒழுகிட்டே இருக்கும். மூக்குக்குக் கீழே கொஞ்சம் மழிச்சா போதும், இல்லைன்னா வாஸ்லின் தடவுங்க. முழுசா எடுக்கச் சொல்லலை.

மேடவாக்கம்75 | 10 டிசம்பர், இரவு 10:05

மீசை விஷயத்தை வீட்டுல மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன்.

எலிஃபன்ட் பீச்ல 'சீ வாக்'னு ஒண்ணு, ஹெல்மெட் போட்டுக் கடலடியில நடக்குறது, இருக்காமே, அது ஸ்கூபாவுக்கு மாற்றா?

டூர்அக்கா | 11 டிசம்பர், காலை 10:40

மனைவிக்கு ஸ்கூபா வேண்டாம்னு டாக்டர் சொன்னா, இதை அதுக்கு மாற்றா நினைக்காதீங்க. ஹெல்மெட்டுக்குள்ள வர்றதும் அழுத்தக் காத்துதான், காதும் அடைக்கும். அதே படிவ நியாயம்தான். தலை நனையாது, கண்ணாடி போட்டுக்கிட்டே நடக்கலாம்ங்கிறது மட்டும் வசதி. பவளத்து மேல நீந்தாம மணல்ல ஒரு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது, ரொட்டித் துண்டு போட்டு மீனைக் கூப்பிடுறது. எனக்கு அது உசத்தியாத் தெரியலை.

எலிஃபன்ட் பீச் போறதே ஸ்நார்க்கலிங்குக்குத்தான். ஜெட்டியில இருந்து படகுல அரை மணிக்குள்ள. காட்டு வழியா ரெண்டு கிலோமீட்டர் நடந்தும் போகலாம். மழை பெய்திருந்தா சேறு, கடல் ஏறுற நேரத்துல கடைசிப் பகுதி அலையாத்தியில தண்ணி நிக்கும், குழந்தையோட படகே மேல். முதல் படகுல போங்க. பத்தரை மணிக்கு மேல கூட்டம், மணல் கலங்கி ஒண்ணும் தெரியாது. ஜெட் ஸ்கி, பனானா போட்டுக்கு அங்க காசு விடாதீங்க, அந்தச் சத்தத்தைக் கேட்க முட்டுக்காடே போதும்.

யானை இருக்கான்னு மகள் கேட்பா. இல்லை. மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகள் இருந்த காலம் போச்சு. கடல்ல நீந்துற ராஜன்னு ஒரு யானை ஹேவ்லாக்ல பேர் போனது, அதுவும் 2016ல இறந்துடுச்சு. இப்போ கரையில கிடக்குறது சுனாமியில வேரோட சாய்ஞ்ச பெரிய மரங்கள்.

தண்ணிப்பாம்பு | 11 டிசம்பர், மதியம் 12:10

ஸ்நார்க்கல் மாஸ்க் பார்த்து எடுக்கிற முறை: பட்டையைத் தலையில மாட்டாம முகத்துல வெச்சு மூக்கால மெல்ல இழுங்க. கையை விட்டா அப்படியே ஒட்டி நிக்கணும். விழுந்தா வேற கேளுங்க. பெண்களுக்கு முடி விளிம்புக்குள்ள மாட்டித்தான் பெரும்பாலும் ஒழுகும், மாஸ்க் மேல பழி போடுவாங்க. பனி படியாம இருக்க பேபி ஷாம்பு ஒரு சொட்டு தேய்ச்சு ஒரே ஒரு அலசு. குழாய்ல தண்ணி ஏறினா பதறி எழும்பாம 'தூ'ன்னு ஒரே ஊதல்.

படகுக்காரங்க மிதவை ரிங்கைப் பிடிக்க வெச்சு இழுத்துட்டுப் போவாங்க. நீந்தத் தெரியாதவங்களுக்கு அது நல்லதுதான். ரெண்டு காலையும் கீழே தொங்கவிடாதீங்க. நின்னா பவளம் உடையும், உங்க காலும் கிழியும், அந்தக் கீறல் லேசுல ஆறாது.

ஹாடோக்காரன் | 12 டிசம்பர், காலை 5:50

சூரியனை யாரும் சொல்லலை. இங்கேயும் இந்திய நேரம்தான், ஆனா நாம கிழக்கே 92 டிகிரிக்கு மேல இருக்கோம். சென்னையை விட முக்கால் மணி நேரம் முன்னாடி விடியும், முன்னாடியே இருட்டும். ஜனவரி கடைசியில அஸ்தமனம் 5:20 வாக்குல. ராதாநகருக்கு அஞ்சு மணிக்குப் போய்ச் சேர்ந்தா பார்க்கிங்கையும் இருட்டையும்தான் பார்ப்பீங்க. மூணு மணிக்கு அங்க இருக்கணும். ஜெட்டியில இருந்து 12 கிலோமீட்டர், வழியில மேடு வளைவு. ஸ்கூட்டர் எடுத்தா இருட்டுறதுக்குள்ள திரும்பிடுங்க.

காலைல 6 மணிக்கே எல்லாத்தையும் தொடங்குங்க. மதியம் தூங்குங்க. சாயங்காலம்னு ஒண்ணு இங்க கிடையாது.

ராதாநகர்ல பாதுகாவலர் விசில் அடிச்சா வெளிய வந்துடுங்க. ஒரு ஓரத்துல நீல்ஸ் கோவ்னு அமைதியான மூலை இருக்கு, பார்க்க அழகு, குளிக்கிற இடம் இல்லை. 2010ல அங்க உவர்நீர் முதலை தாக்கி ஒரு வெளிநாட்டுப் பயணி இறந்தாங்க. அலையாத்தி, ஓடை வாய் எங்க இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

மேடவாக்கம்75 | 12 டிசம்பர், இரவு 9:02

புதுத் திட்டம்:
25: நேரா ஹேவ்லாக்
26: காலை ஸ்கூபா, மூணு மணிக்கு ராதாநகர்
27: முதல் படகு எலிஃபன்ட் பீச், மதியம் ஓய்வு
28: காலை நீல், மதிய ஃபெர்ரியில போர்ட் பிளேர்
29: காலை செல்லுலார் ஜெயில், ஏர்போர்ட்

27 ராத்திரி சும்மா இருக்கே.

தண்ணிப்பாம்பு | 12 டிசம்பர், இரவு 9:31

27 ராத்திரியை விடாதீங்க. 29 தை அமாவாசை. அதாவது 27ல நிலா விடியப் போறப்பதான் எழும்பும், ராத்திரி கும்மிருட்டு. அலையாத்திக் கால்வாய்ல ராத்திரி கயாக் கூட்டிட்டுப் போவாங்க. துடுப்பு போடுற இடமெல்லாம் தண்ணி நீலமா ஒளிரும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அசைவுக்கு ஒளி விடுறது. நிலா இருக்குற வாரத்துல இதே காசைக் கொடுத்துட்டு ஒண்ணும் தெரியலைன்னு வருவாங்க, தேதி உங்களுக்குத் தானா அமைஞ்சிருக்கு. போன் கேமராவுல விழாது, படம் எடுக்க நேரம் வீணாக்காதீங்க. லைஃப் ஜாக்கெட்டோட கொக்கி மூணும் பூட்டியிருக்கான்னு நீங்களே பாருங்க. மேல முதலை பத்தி வந்ததால சொல்றேன்: வழிகாட்டியோட, அவங்க வழக்கமாப் போற கால்வாய்ல மட்டும். கயாக்கை வாடகைக்கு எடுத்துத் தனியாப் போறது கிடையாது.

டூர்அக்கா | 13 டிசம்பர், காலை 11:05

நீல் எனக்கு உறுத்துது. அரை நாளுக்காக ரெண்டு ஃபெர்ரி, பெட்டி தூக்கி இறக்கி. ஹேவ்லாக்லயே 28 காலை காலாபத்தர் பீச்ல விடியலைப் பார்த்துட்டு மதியம் திரும்பினா நிம்மதி. சிரிச்சுக்கிட்டே ஓடுற டூரா, முக்கிக்கிட்டு ஓடுற டூரான்னு முடிவு பண்ணுங்க.

ஹாடோக்காரன் | 13 டிசம்பர், மதியம் 2:20

சாதாரண வாரம்னா அக்கா பக்கம்தான் நானும். ஆனா அமாவாசையை ஒட்டி கடல் நல்லா உள்வாங்கும். நீல்ல லக்ஷ்மண்பூர் பக்கம் இருக்குற பாறைப் பாலம் லோ டைட்லதான் பார்க்கிற மாதிரி இருக்கும், பாறைக் குழிகள்ல நட்சத்திர மீன், கடல் அட்டை எல்லாம் காட்டுவாங்க. அதனால போர்ட் பிளேர் ஓத அட்டவணையைப் பாருங்க. லோ டைட் நீங்க நீல்ல நிக்கிற நேரத்துக்குள்ள விழுந்தா போங்க, வெளிய விழுந்தா நீலை வெட்டுங்க. தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும், அதனால 27க்குப் பார்த்துட்டு 28க்கு நம்பாதீங்க. செருப்பு பின்பட்டை வெச்சதா இருக்கணும். ஹவாய் செருப்பு அந்தப் பாசிப் பாறையில வழுக்கிவிடும்.

டூர்அக்கா | 13 டிசம்பர், மதியம் 2:41

அட்டவணை பார்த்துட்டு முடிவு பண்றதுன்னா ஒத்துக்கிறேன். பெட்டியை நீல் டாக்ஸியிலயே வெச்சுக்கிட்டுச் சுத்துற மாதிரி வண்டி பேசிக்கோங்க.

மேடவாக்கம்75 | 15 டிசம்பர், இரவு 8:48

பார்த்துட்டுச் சொல்றேன். ஃபெர்ரியில வாந்தி? மகளுக்கு ஊட்டி பஸ்ஸே ஆகாது.

டூர்அக்கா | 15 டிசம்பர், இரவு 9:20

மாத்திரை கிளம்புறதுக்கு அரை மணி, ஒரு மணி முன்னாடி. படகு ஆட ஆரம்பிச்ச பிறகு போட்டா பிரயோஜனமில்லை. குழந்தைக்கு எவ்வளவுன்னு டாக்டர்கிட்டக் கேட்டு வெச்சுக்கோங்க. அவோமின் மாதிரி மாத்திரைகள் தூக்கம் கொண்டுவரும், அதனால ஸ்கூபா போற அன்னிக்குக் காலைல அந்த மாத்திரை வேண்டாம். கீழ்த்தளம், நடுப்பகுதி, கொஞ்சம் பின்னாடி சீட். முன்பக்க ஜன்னல் சீட் பார்க்க ஆசையா இருக்கும், தூக்கிப் போடுறதும் அங்கதான். போனைப் பார்க்க விடாதீங்க, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்க. ஜனவரி கடைசியில கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். நவம்பர், டிசம்பர் மாதிரி இல்லை.

ஹாடோக்காரன் | 16 டிசம்பர், காலை 6:15

சில்லறை விஷயங்கள், ஞாபகம் வந்த வரிசையில.

டிக்கெட் தேடும்போது ஹேவ்லாக் 'ஸ்வராஜ் த்வீப்', நீல் 'ஷஹீத் த்வீப்'னு வரும், 2018 கடைசியில மாத்தினது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பர்ல இருந்து 'ஸ்ரீ விஜயபுரம்'. வாயில யாரும் மாத்தலை.

சென்னைல இருந்து கடலடிக் கேபிள் 2020ல வந்த பிறகு நெட் தேவலாம். ஆனா ஹேவ்லாக்ல ஏ.டி.எம். குறைவு, யு.பி.ஐ. நெட் போனா போச்சு. ரெண்டு நாள் செலவுக்கு ரொக்கம்.

மணல் ஈ. அதிகாலை, அந்தி நேரம் ஈர மணல்ல உட்கார்ந்தா கணுக்காலைப் பிய்ச்சிடும். சொறிஞ்சா ஒரு வாரம். தேங்காயெண்ணெய் தடிமனாத் தடவிக்கோங்க, பாயோ நாற்காலியோ போட்டு உட்காருங்க.

வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை. ஸ்நார்க்கல்ல முதுகுதான் வேகும்.

சிப்பி, பவளத் துண்டு ஒண்ணுகூடப் பெட்டியில வைக்காதீங்க. செத்த பவளமா இருந்தாலும் ஏர்போர்ட் ஸ்கேன்ல எடுத்துடுவாங்க, வனவிலங்குச் சட்டம். குழந்தைங்க பாக்கெட்டைக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை தடவிப் பாருங்க.

மேடவாக்கம்75 | 19 டிசம்பர், இரவு 10:33

நுரையீரல் டாக்டர் ஊதுற டெஸ்ட் எடுத்துட்டு, மனைவிக்கு ஸ்கூபா வேண்டாம்னுட்டார். ஸ்நார்க்கல் ஓகே. 26 காலை நானும் மகளும் மட்டும். மீசைக்கு வாஸ்லின்தான், தீர்ப்பு வந்தாச்சு. ஃபெர்ரி புக் பண்றப்போ மகளுக்கு எந்த அடையாள அட்டை?

டூர்அக்கா | 19 டிசம்பர், இரவு 10:50

ஆதார் இருந்தா ஆதார், அசல். டிக்கெட்ல பேர் எழுத்துப் பிசகாம அதே மாதிரி இருக்கணும். போனில் போட்டோ காட்டினா ஒத்துப்பாங்கன்னு நினைக்காதீங்க. பெரிய பெட்டியை ஏறும்போது தனியா வாங்கி வெச்சிடுவாங்க. அடையாள அட்டை, மாத்திரை, மகளோட கண்ணாடி எல்லாம் தோள் பையில.

தண்ணிப்பாம்பு | 19 டிசம்பர், இரவு 11:08

ரெண்டே பேர்னா ஒருத்தருக்கு ஒரு பயிற்சியாளர்னு இப்பவே மெயில்ல எழுதி வாங்கிடுங்க. சில கடையில ரெண்டு பேருக்கு ஒருத்தரைப் போடுவாங்க. ஒருத்தருக்குக் காது அடைச்சா மத்தவரும் சேர்ந்து மேல ஏறணும். குழந்தை சைஸ் ஜாக்கெட், சின்ன வாய்க்கவ்வி இருக்கான்னும் அதே மெயில்ல கேளுங்க. பெரியவங்களோட கவ்வியைக் கடிச்சா பத்து நிமிஷத்துல தாடை வலிக்கும், பிள்ளை அதுக்காகவே வெளிய வந்துடும். ஜனவரியில தண்ணி 27 டிகிரி வாக்குல இருக்கும். உங்களுக்குக் குளிராது, ஒல்லியான குழந்தைக்கு அரை மணியில நடுங்கும், வெட்சூட் கேட்டு வாங்குங்க.

மேடவாக்கம்75 | 20 டிசம்பர், காலை 7:12

மெயில் அனுப்பியாச்சு. நீல் இன்னும் பென்டிங், அட்டவணையோட உட்கார்ந்திருக்கேன்.